பென்சிலில் எழுதிய பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பால்வாடியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காரணங்கள் ஊரறிந்தவை. நர்சரிப் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு எல்.கே.ஜி.யிலேயே தொடங்குவதால், ஏழைப் பெற்றோரும் மூன்று வயதிலேயே தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதும் இந்தப் போட்டியை எதிர்கொள்ளத்தான்.

ஆனால் கணக்கை நாம் ஜூனில் பார்க்கிறோம். எங்கள் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள், ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் நுவாகாய் என்ற புது அரிசிப் பண்டிகை முடிந்த பிறகே ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. தை, மாசியில் சூளை மும்முரம். ஜூனில் மழை வருவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் ஜூன் கணக்கில் எப்படி இருப்பார்கள்?

பிப்ரவரியில் அதே மையத்துக்குப் போய்ப் பாருங்கள். இருளர் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், ஒடியா பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் இருப்பார்கள். ஒரு மையத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்தபடியே வாசலில் நிற்பாள், உள்ளே வரமாட்டாள். அவனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அவ்வளவு சிறிய குழந்தையை மையத்தில் வைத்துக்கொள்ள ஏற்பாடு இல்லை. தம்பியை விட்டுவிட்டு வா என்றால் அவள் எங்கே விடுவாள்? தாயும் தகப்பனும் களத்தில் மண் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். ஆயா தம் பழைய சேலையில் தூளி கட்டினார். தம்பி தூங்கினான். அவள் வந்து உட்கார்ந்து, மரக்கட்டைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். தம்பிக்கும் சத்துமாவு உண்டு என்பதை அவள் தாய்க்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மையத்தின் பதிவேட்டில் சூளைப் பிள்ளைகளின் பெயர்கள் பென்சிலில் இருந்தன. பேனாவில் எழுதினால், மே மாதம் அவர்கள் கிளம்பியதும் பிள்ளைகள் நின்றுவிட்டதாகக் கேள்வி வரும் என்று பணியாளர் பயந்தார். நியாயமான பயம். அதைப் போக்க வேண்டியவர்கள் அதிகாரிகள். எந்த மாதம் வந்தாலும் பேனாவில் எழுதட்டும். பிள்ளை ஊர் மாறுவது மையத்தின் தோல்வி ஆகாது.

அங்கன்வாடி 1975-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். பலாங்கீரிலும் அங்கன்வாடி இருக்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைகளின் விவரங்களைப் பதிய 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில், ஒரு மாநிலத்து மையத்திலிருந்து இன்னொரு மாநிலத்து மையத்துக்குப் பெயரை மாற்றும் வசதியும் உண்டு. குடும்பம் கிளம்புவதற்கு முன்பே அதைச் செய்துகொடுங்கள். எடை, தடுப்பூசி விவரங்களை ஒரு தாளில் எழுதித் தாயின் கையிலும் கொடுங்கள்.

சூளை உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்கல் ஏற்றும் லாரிகள் ஓடும் சாலையில் மூன்று வயதுப் பிள்ளை நடந்து மையத்துக்கு வர முடியாது. காலையில் ஒரு வண்டி அனுப்புங்கள். மதியம் சாப்பாடு முடிந்ததும் அதே வண்டி திருப்பி அழைத்துவரட்டும். வணக்கம்.