தேர் மணியும் திரும்பும் வழியும்

(கரூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். காரிலேயே காஷ்மீர் போய்வந்த அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். போன கதையை நான் சொல்லப் போவதில்லை. தால் ஏரிப் படகு வீட்டுப் படம் உங்கள் போனுக்கு ஏற்கெனவே நாலு பேர் அனுப்பியிருப்பார்கள். வந்த கதையைச் சொல்கிறேன்.

ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது எங்கே சாப்பிட்டோம், எங்கே தங்கினோம் என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். வரும்போது? "நேரா வந்துட்டோம்" என்று முடித்துவிடுவார்கள். சங்கப் புலவர்கள் அப்படி முடிக்கவில்லை. முல்லைத் திணையில் பாட்டுக்குப் பாட்டு ஒருவன் வீடு திரும்பிக்கொண்டே இருக்கிறான். போர் முடிந்தது, கார்காலம் தொடங்கிவிட்டது, பாகனே, தேரை விரைந்து செலுத்து என்கிறான்.

அகநானூற்றின் 4ஆம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. காத்திருக்கிற தலைவியிடம் தோழி சொல்கிறாள்: அதோ வருகிறான், அவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? வழியில் பூத்த சோலையில் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேர் மணியோசையில் அவை கலங்கிவிடும் என்று, மணியின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறவன். நம் பக்கத்து உறையூரும் இதே பாட்டில் வருகிறது. அவனுக்கு அவசரமில்லாமல் இல்லை. அந்த அவசரத்திலும் மணியைக் கட்டுகிறான். எனக்கு அந்த இடம்தான் முக்கியம்.

நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல். 2010இல் எண்களை மாற்றுவதற்கு முன்பு இதை ஏழாம் நம்பர் ரோடு என்போம். அது அப்போது வாரணாசிக்குப் போனது. இன்றைக்கு ஸ்ரீநகரில் வண்டியை எடுத்தால் நம்பர் மாறாமல் நம்ம ஊர் வரைக்கும் வந்துவிடலாம். பனிஹால் பக்கம் ஆப்பிள் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மலை சரிந்தால் அந்தப் பெட்டிகள் அங்கேயே அழுகும். 2017இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். உள்ளே போனால் என் மச்சான்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறான், அது அபூர்வம். அதற்கப்புறம் பஞ்சாப், டெல்லி, ஆக்ரா. சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் டோல்கேட்.

மத்தியப் பிரதேசத்தில் சிவனியிலிருந்து நாக்பூர் வருகிற வழியில் பெஞ்ச் புலிகள் காப்பகம். அங்கே ரோட்டைத் தூண்மேல் தூக்கிவிட்டு, விலங்குகள் அடியில் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். சில இடங்களில் ஹெட்லைட் வெளிச்சமும் சத்தமும் காட்டுக்குள் போகாதபடி ரோட்டோரம் உயரமான தடுப்பு. வழக்கு, இழுபறி எல்லாம் நடந்து, பல வருஷம் கழித்துத்தான் இது வந்தது. அடியில் புலிகள் கடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் தாண்டி வந்துவிட்டோம், ஒரு மானைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அந்தப் பாலத்தின் வெற்றி. மருதனார் இதைப் பார்த்திருந்தால் மணியைக் கட்டியாச்சு என்றிருப்பார்.

அந்தக் காட்டுக்கு முன்னால் ஒரு தாபாவில் நின்றோம். மூலையில் டிஎன் 34, ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு போர் வண்டி. பக்கத்தில் ராடு ஏற்றிய துணை லாரி. அதன் நிழலில் அடுப்பு மூட்டி, புழுங்கலரிசிச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் டிஎன் 47 பலகையைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏனுங்ணா, ஊருக்குப் போறீங்களா, ஊர்ல இருந்து வர்றீங்களா?"

"போறோமுங்க."

"கொடுத்து வெச்சவிங்க. உக்காருங்க, ரசம் ஊத்தறேன்."

ரொட்டியும் தாலுமாகத் தின்று அலுத்த வாய்க்கு அந்த ரசம் என்ன செய்தது என்று மேடையில் சொல்ல முடியாது. என் வீட்டம்மா ரெண்டாம் தடவை டம்ளரை நீட்டினாள். நாட்டில் எங்கெங்கோ பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனிதர், கிளம்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பரமத்தி வேலூர் பாலத்துல காவேரி போச்சுன்னா ஒரு போட்டோ எடுத்துப் போட்டு வுடுங்க."

அப்புறம் எனக்கு ஆறுகள்தான் கண்ணில் பட்டன. பர்மானில் நர்மதை தாண்டியிருந்தோம்; பிறகு சோனில் கோதாவரி, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்திரை, பாமிடியில் பெண்ணாறு, காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை. போகும்போதும் இதே பாலங்கள்தான். அப்போது ஒன்றையும் நான் பார்க்கவில்லை, கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூர் வந்ததும் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது. பஞ்சர் கடைப் பலகையைக்கூட வாய்விட்டுப் படித்தோம்.

வீடு நெருங்க நெருங்கக் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். இங்கேதான் ஜாக்கிரதை. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். எத்தனை விபத்து அங்கே நடந்திருக்கிறது என்று லாரிக்காரர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பிரேக்கை நம்புகிறவர்கள். பழைய தலைவன் தேரை விரட்டச் சொன்னான் என்றேனே, அதை மட்டும் தொப்பூரில் நினைவில் வைக்காதீர்கள். நாங்கள் செகண்ட் கியரிலேயே இறங்கினோம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே எங்களைத் திட்டினான்.

சேலம், நாமக்கல் தாண்டி வேலூர் பாலம் வரும்போது நடுராத்திரி. காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போட்டோவில் எப்படித் தெரியும்? மச்சான் ஜன்னல் வழியே எடுத்த படத்தில் பாதி கைப்பிடிச்சுவர், மீதி கறுப்பு. "சத்தத்தையாவது அனுப்புடா" என்று என் வீட்டம்மா சொல்லி, அதைப் பதிவு செய்து அனுப்பினோம். அதிலும் லாரிச் சத்தம்தான் பெரிது. போர் வண்டிக்காரர் மறுநாள் "கேட்டேனுங்" என்று பதில் போட்டிருந்தார்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது எனக்கு அகநானூறு ஞாபகம் வந்துவிட்டது. ஊரே தூங்குகிறது, அம்மாவும் தூங்கியிருப்பார். ஹாரன் அடிக்கவில்லை, ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டு, கேட்டைச் சத்தமில்லாமல் தள்ளினேன். தெரு நாய்க்கு அகநானூறு தெரியாது. அது போட்ட கூச்சலில் நாலு வீட்டு லைட்டு எரிந்தது. அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏண்டா, ஒரு ஆரன் அடிச்சா கொறஞ்சா போயிருவ? திருடன்னு நெனச்சு ஒரு போடு போட்டிருப்பேன்!"