கண்ணே பெரிது: கூர்பேயின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஓவியனுக்கு உயர்வு தருவது கண்ணா, கற்பனையா?' என்பது தலைப்பு. கண்ணே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "இருப்பதை இருக்கிறபடி வரைய ஓவியன் எதற்கு? கேமரா போதாதா?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். கைதட்டலும் விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே ஒருவரைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே. 1819-இல், பிரான்சின் கிழக்கே ஓர்னான் என்ற சிற்றூரில், நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்.

1849. வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், சாலையோரம் இரண்டு பேர் கல் உடைப்பதைப் பார்த்து நிற்கிறார். மறுநாள் வரைகூடத்துக்கு வரச் சொல்கிறார். பிறகு நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: ஒருவர் எழுபது வயதுக் கிழவர். வெயிலில் காய்ந்த தோல். முரட்டுத் துணிக் கால்சட்டை முழுக்க ஒட்டு. வெடித்துப்போன மரக்காலணி. ஒருகாலத்தில் நீலமாக இருந்த காலுறையின் கிழிசலில் குதிகால் தெரிகிறது.

'ஒருகாலத்தில் நீலமாக இருந்த.' அவையோரே, என் வாதம் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. நாமாக இருந்தால் அழுக்குத் துணி என்று கடந்துபோயிருப்போம். எத்தனை மழைக்கும் எத்தனை துவைப்புக்கும் முன்னால் அது என்ன நிறமாக இருந்தது என்று தேடிய கண் அது.

'கல் உடைப்பவர்கள்' ஓவியத்தில் இரண்டு பேர் முகமும் சரியாகத் தெரியாது. கிழவர் முகத்தில் தொப்பியின் நிழல். கல் நிறைந்த கூடையைத் தூக்கும் பையன் முகத்தை அப்பால் திருப்பியிருக்கிறான். இந்தப் பிழைப்பில் இப்படித்தான் தொடங்குகிறார்கள், இப்படித்தான் முடிகிறார்கள் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார் கூர்பே. பையனுக்கும் கிழவருக்கும் நடுவில் ஒரு முழு ஆயுள் கிடக்கிறது. கூர்பே கண்ணால் கண்டதை வரைந்தார். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையும் கண்டே முடிவு செய்தார்.

அந்த ஓவியம் இன்று இல்லை. 1945-இல், போரின் கடைசி மாதங்களில், ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே குண்டுவீச்சில் அழிந்தது. மிஞ்சியவை அதன் புகைப்படங்கள்தாம். கேமரா போதும் என்றால், அம்மா, புகைப்படம் கையில் இருக்கும்போது அந்த இழப்புக்கு நாம் ஏன் இன்னும் வருந்துகிறோம்? அந்தச் சாயம் போனதே, கத்தியால் இழுத்து அப்பிய அந்த எண்ணெய் வண்ணத்தின் கனம் போனதே என்றுதானே வருந்துகிறோம்! ஆம், கூர்பே தூரிகையோடு நின்றவரல்ல. தன் ஊர்ச் சுண்ணாம்புப் பாறைகளை வரையும்போது வண்ணம் குழைக்கும் கத்தியை எடுத்துக்கொள்வார். இருண்ட அடிப்பூச்சில் தொடங்கி வெளிச்சத்தை நோக்கி வருவார். பாறையின் சொரசொரப்பு துணியிலேயே ஏறியிருக்கும்.

அடுத்து 'ஓர்னானில் ஓர் அடக்கம்'. 10 அடிக்கு மேல் உயரம், 21 அடிக்கு மேல் அகலம். அந்த அளவுத் துணி அரசர்களுக்கும் புராணங்களுக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்த காலம். அதில் தன் ஊர்க்காரர்களை நிறுத்தினார். அவர்களும் வந்து நின்றார்கள்: பாதிரியார், மேயர், குழிவெட்டுபவர், கூர்பேயின் தங்கைகள். 1855 உலகக் கண்காட்சிக்கான தேர்வுக்குழு இந்த ஓவியத்தையும் 'ஓவியனின் வரைகூடம்' என்ற பெரிய படத்தையும் தள்ளிவிட்டது. கூர்பே பக்கத்திலேயே சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, வாசலில் 'மெய்ம்மையியல்', அதாவது ரியலிசம், என்று எழுதிவைத்தார்.

அங்கே யார் வந்தார் தெரியுமா? தெலக்ருவா. கற்பனையின் கொடியைப் பிடித்த ஓவியர், எதிரணி தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியவர். ஏறக்குறைய ஒரு மணிநேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, நிராகரிக்கப்பட்ட படத்தில் ஒரு மகத்தான படைப்பைக் கண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். அவர் சொன்னது 'வரைகூடம்' பற்றி. அதைக் கூர்பே உருவகம் என்றே அழைத்தார், மறைக்கவில்லை. 'மெய்யான உருவகம்' என்றார். அதில் நிற்பவர்களில் பலர் அவர் பழகிய மனிதர்கள்.

கண்டதைச் சொல்கிறவன் கண்டதற்கு விலையும் கொடுக்கிறான். 1870-இல் அரசு தந்த 'லெஜியன் ஆஃப் ஆனர்' என்ற உயரிய விருதை வேண்டாம் என்றார். 1871-இல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனில் பங்கேற்றார். நெப்போலியனின் போர்வெற்றிச் சின்னமான வான்தோம் தூணைக் கம்யூன் வீழ்த்தியது; அதற்காக அவருக்கு ஆறு மாதச் சிறை. பிறகு தூணை மீண்டும் நிறுத்தும் செலவும் அவர் தலையில் விழுந்தது: 3,23,091 பிராங்க். சுவிட்சர்லாந்துக்குப் போனவர் திரும்பவில்லை. முதல் தவணை கட்டவேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31, இறந்தார்.

சிறையிலிருந்து வெளிவந்த பிறகு ஒரு டிரவுட் மீனை வரைந்தார். நீதிமன்றம் இல்லை, கம்பி இல்லை, சங்கிலி இல்லை. கரையில் கிடக்கும் மீன். வாயில் தூண்டில், இழுத்துப் பிடித்த நூல், செவுளில் ரத்தம். ஓரத்தில் லத்தீனில் 'சங்கிலியில் பிணைந்தபடி வரைந்தது' என்று எழுதினார். கற்பனைக்கு அங்கே என்ன வேலை என்று நான் எதிரணியைக் கேட்கிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லுமுன் அந்த மீனின் கண்ணை ஒருமுறை பாருங்கள்.