மீதி மாத்திரை எத்தனை?

வணக்கம் நேயர்களே.

என் அக்கா மகள் பி.பார்ம் கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "சித்தி, கிளினிக்கல் ரிசர்ச் எனக்குச் சரிப்படுமா? ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் வேலைதானே?" என்று கேட்டாள். பதிலுக்கு நான் சொன்னது ஒரு தையல்காரரின் கதை. அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 23 வயது. ஒரு மருத்துவமனையில் ட்ரையல் கோ-ஆர்டினேட்டராக, அதாவது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வின் அன்றாட வேலைகளைக் கவனிப்பவளாக, சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சர்க்கரை நோய்க்கான புது மருந்து. நோயாளிகள் ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரையோடு தினம் ஒன்று சேர்த்துச் சாப்பிட வேண்டும். 28 நாளுக்கு 28. வரும் தேதி தள்ளிப்போனால் இருக்கட்டும் என்று கூடுதலாக 7. அடுத்த முறை வரும்போது அட்டையைத் திரும்ப வாங்கி, மீதியை எண்ணி எழுதுவது என் வேலை.

தையல்காரர் ஐயா சொன்ன தேதிக்கு வந்தார். அட்டை காலி.

"மீதி ஏழு எங்கேய்யா?"

"வீட்டம்மாவுக்குக் கொடுத்தேன்மா. அவளுக்கும் சர்க்கரைதானே, வீணாப் போவானேன்?"

பேனா என் கையில் இருந்தது. கட்டத்தில் 7 என்று எழுதியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையை எழுதினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அந்த அம்மாவை வரவழைத்துச் சோதிக்க வேண்டும், ட்ரையலுக்குப் பணம் போடும் ஸ்பான்சருக்கும், நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் கடிதம் போக வேண்டும். மணி நாலரை. ஊருக்குப் போகிற கடைசி பஸ் ஆறு மணிக்கு. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அப்புறம் சைபர் என்று எழுதி, அவர் சொன்ன வார்த்தையையும் பக்கத்தில் எழுதினேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்தான் போய்விட்டது.

இந்த வேலையின் உள்ளே இருப்பது இதுதான். புது மருந்து கண்டுபிடிப்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பவர்கள் நாங்கள். எழுதியதில் பிழை என்றால் ஒரே ஒரு கோடு. அடித்தது அடியில் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வேண்டும். இப்போது நான் மானிட்டர். ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கிறேன். மேஜையில் ஒயிட்னர் பாட்டிலைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அந்த அறையை விட்டுச் சீக்கிரம் கிளம்ப மாட்டேன்.

மாத்திரை எண்ணுவது நம் ஊருக்குப் பழைய பழக்கம்தான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் காசநோயைக் குணப்படுத்த முடியுமா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா என்பது கேள்வி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் உண்மையிலேயே மருந்து சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது: வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தெரிய வந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வெயிலில் சந்து சந்தாக நடந்து மாத்திரை எண்ணியவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் கிடைக்காதது உங்களுக்கு உறுத்துமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு யோசித்தால் கஷ்டம்.

இன்னொன்று, சம்மதம் வாங்குவது. பக்கம் பக்கமாக இருக்கும் படிவத்தை நோயாளிக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ட்ரையலோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே உட்கார வேண்டும். பாதியிலேயே, "டாக்டர் சொன்னா சரிதாம்மா, எங்க கைநாட்டு வைக்கணும்?" என்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அது காதில் தேன். எனக்கோ அதுதான் அபாய மணி. அந்த இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே நேரம் ஸ்பான்சரிடமிருந்து, "இந்த மாதம் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்?" என்று போன் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தெம்பு வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரியும் நம்முடையது என்று சொல்ல முடியாது. ட்ரையலில் இருப்பவர் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்கூட, மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விட்டுவிட முடியாது. தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும்.

அலைச்சல் ஒத்துவராது என்றால் மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் வேலை, டேட்டா மேனேஜ்மென்ட் என்று உட்கார்ந்த இடத்து வேலைகளும் உண்டு. நோயாளி முகத்தையே பார்க்க மாட்டீர்கள். சிலருக்கு அது நிம்மதி, எனக்குப் பிடிக்காது.

நூறு சதவீதம் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் படிப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். வேலை தருபவர்கள் எல்லோரும் கேட்கும் ஜிசிபி பயிற்சியை, அதாவது ட்ரையலை முறைப்படி நடத்தும் விதிகளுக்கான பயிற்சியை, இணையத்திலேயே சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2009 ஜூன் 15 முதல் நம் நாட்டு ட்ரையல்களை சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், காசு கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் என்ன ட்ரையல் நடக்கிறது என்று தெரியும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து, மூன்று மாதம் பயிற்சிக்குக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் பெயருக்குத்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. ஆனால் மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்கா மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி சித்தி, அந்த ஏழு மாத்திரையில அந்த அம்மாவுக்குச் சர்க்கரை குறைஞ்சுதா?" என்றாள்.

குறைந்திருந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது என்றேன். அது டபுள் பிளைண்ட் ட்ரையல். அந்த அட்டையில் இருந்தது மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது தையல்காரருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எண்ணி வாங்கிய எனக்கும் இன்றுவரை தெரியாது.

"தெரியாமலேயே எப்படி சித்தி இவ்வளவு நாள் இருக்கீங்க?" என்றாள்.

நன்றி, வணக்கம்.