வௌவால் இறக்கையில் ஒரு மஞ்சள் வெளிச்சம்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி, எனக்கென்று வைத்திருந்த நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, இடமில்லாமல் வாசலோரம் நிற்கும் இளைஞர்களே, வணக்கம்.

வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோயைப் பற்றிப் பேச, ஒரு நொதி, ஒரு வைட்டமின், நோய் எதிர்ப்பு என்று மூன்று விஷயங்களோடு வந்திருக்கிறேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. நான் அதைக் குகைக்கும் சேர்த்தே சொல்கிறவன்.

2006 பிப்ரவரியில், நியூயார்க் மாநிலத்தின் ஹௌஸ் கேவ் பகுதியில் குகை சுற்றப் போன ஒருவர் புகைப்படம் எடுத்தார். தலைகீழாகத் தூங்கும் வௌவால்களின் மூக்கில் மாவு அப்பியதுபோல வெள்ளைப் பூஞ்சை. அதுதான் வெண்மூக்கு நோய். பூஞ்சையின் பெயர் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதற்கு வளர்ச்சி இல்லை. குளிர்காலத் தூக்கத்தில் வௌவால் உடம்புச் சூட்டைக் குகையின் குளிருக்கே இறக்கிவிடும், நோய் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் நொதி. பூஞ்சை சுரப்பது, டெஸ்ட்ரக்டின்-1 என்று பெயர். தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தை அறுப்பது அதன் வேலை. இறக்கைச் சவ்வு அரிக்கப்பட்டால் நீரும் உப்பும் கசியும், இரத்தத்தில் கரியமில வாயு கூடி அமிலத்தன்மை ஏறும். வௌவால் அடிக்கடி விழிக்கும். ஒவ்வொரு விழிப்புக்கும் சேமித்த கொழுப்பு எரியும். வசந்தம் வருமுன்னே கையிருப்பு காலி.

அடுத்து வைட்டமின். என் பெரியப்பா ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டார். மறுநாள் காலை குளியலறையிலிருந்து அலறல். "டேய், எனக்கு மஞ்சள் காமாலைடா!" பெரியம்மா அழ, நான் வண்டியை எடுக்க, பெரியப்பா வழியெல்லாம் சொத்தைப் பிரித்துக்கொண்டே வந்தார். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன மாத்திரை போட்டீங்க?" மிஞ்சிய ரைபோஃப்ளேவின், அதாவது பி2, சிறுநீரோடு வெளியேறிய மஞ்சள் அது! திரும்பும்போது சொத்தை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார். (சிரிப்பு)

அதே பி2-வைத்தான் இந்தப் பூஞ்சை வௌவாலின் காயத்தில் குவிக்கிறது. இறக்கைக்குப் பின்னாலிருந்து புற ஊதா விளக்கைப் பிடித்தால், காயம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக ஒளிரும். எங்கே திசுவை எடுத்துச் சோதிப்பது என்று அந்த வெளிச்சமே காட்டிவிடும்.

ஐரோப்பிய வௌவால்களிலும் இந்தப் பூஞ்சை உண்டு, ஆனால் அங்கே கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. ஏன் என்பதுதான் மூன்றாவது விஷயம். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், அதை விட்டுவிடுகிறேன். இதை மட்டும் விடமாட்டேன். 2016-இல் இந்த நோய், அதுவரை தெரிந்த எல்லையிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தாண்டி, மேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் தலைகாட்டியது. மனிதர்களின் காலணியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு வித்துகள் பயணம் போகும் என்று சந்தேகிக்கிறார்கள். நானும்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே. விட்டுவிட்டாயா, அந்தக் காலணியைக் கழுவாமல் அடுத்த குகைக்குப் போகாதே.

பின்னால் மேசையில் ஒரு வாளியும் வெப்பமானியும் வைத்திருக்கிறேன். காலணியும் கயிறும் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் முழுசாக மூழ்க வேண்டும், மிதக்கக் கூடாது. குகைக்குப் போகிறவர்கள் தேநீருக்கு முன்னால் அங்கே வாருங்கள், செய்தே காட்டுகிறேன்.