மறுப்பும் மறுதலையும்

வணக்கம் நேயர்களே.

கடன் தர வங்கி மறுத்தது. குற்றச்சாட்டை அமைச்சர் மறுத்தார். எதிர்த்தரப்பு வாதத்தை வழக்கறிஞர் மறுத்தார். மூன்றுக்கும் வினை ஒன்றுதான், நடந்ததோ வேறு வேறு. வங்கி ‘தரமாட்டேன்’ என்றது, அமைச்சர் ‘இல்லை’ என்றார். வழக்கறிஞருக்கு அது போதாது. ஏன் இல்லை என்று அவர் காட்டியாக வேண்டும். இந்த மூன்றாவது மறுப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஏழு வகை மதங்களைச் சொல்கிறார். மதம் என்றால் அங்கே ஆசிரியரின் கொள்கை. உடன்படல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. அத்தோடு விட்டிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றைத் தனியே வைக்கிறார்: ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பேசி, அப்புறம் அதைக் களைவது. வெறும் மறுத்தலும் இதுவும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை, அதாவது பிற மதங்களைப் பேசும் பகுதியைப் புரட்டுங்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்தது. மாற்றார் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். முதலில் உலகாயதன், அதாவது கடவுளையும் மறுமையையும் ஏற்காதவன், அவனுடைய மதம். கண்ணால் காண்பதே சான்று என்று உலகாயதன் தன் கட்சியை எடுத்துவைக்கிறான். அவன் சொல்லி முடித்த பிறகுதான் ‘மறுதலை’ என்ற பகுதி வருகிறது. எதிராளியைப் பேசவிட்டுப் பிறகு பதில் சொல்லும் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் நான் தேடுவதும் அதைத்தான்.

‘கண்டனம்’ என்ற சொல்லுக்கும் ஒரு காலத்தில் இந்தப் பொருள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டுச் சமய வாதங்களில் கண்டனம் எழுதினார் என்றால், எதிராளியின் நூலை எடுத்துக் காரணம் காட்டி மறுத்தார் என்று அர்த்தம். இப்போது கண்டன ஆர்ப்பாட்டம், கண்டனத் தீர்மானம் என்று கோபம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. இது நமக்கு ஓர் இழப்புதான்.

சரி, செய்தி எழுதும்போது என்ன செய்யலாம்? ஒருவர் காரணம் சொல்லாமல் மறுத்தால் ‘குற்றச்சாட்டு உண்மையல்ல என்றார்’ என்றே எழுதுங்கள். ஆவணத்தைக் காட்டினார், கணக்கை வைத்தார் என்றால் ‘ஆதாரத்துடன் மறுத்தார்’ என்று எழுதுங்கள். ‘முறியடித்தார்’, ‘தகர்த்தார்’ என்பவை வாதத்தின் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடும் சொற்கள். நீதிபதி தீர்ப்பு சொல்லுமுன் நிருபர் அவற்றைத் தொட வேண்டாம்.

வணக்கம்.