பியோங்யாங்கின் அட்டைச் சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில், தேடோங் ஆற்றின் நடுவே ருங்ரா என்றொரு தீவு. அங்குள்ள மே தின விளையாட்டரங்கில் 2002-இல் தொடங்கியது ‘அரிராங்’ பெருந்திரள் உடற்பயிற்சி விழா. 2007 ஆகஸ்டில் 1,00,090 பேர் பங்கேற்றதாகக் கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. தரையில் போடும் கரணங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் பேச வந்தது, அவற்றுக்குப் பின்னால் எழும்பும் படச்சுவரைப் பற்றி.

தூரத்திலிருந்து பார்த்தால் மின்திரை என்றே தோன்றும். ஆனால் அங்கே ஏறத்தாழ 20,000 பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பெரிய அட்டைப் புத்தகம். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அடுத்ததில் பாதி வெள்ளை, பாதி நீலம். படம் மலையா, சூரியனா, துப்பாக்கியா என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளின் கண்ணெல்லாம் எதிர்ப்புறத்திலிருந்து வரும் சைகையின் மேல்.

எல்லோரும் ஒரே நொடியில் பக்கம் திருப்பினால் படம் சட்டென்று மாறும். வரிசைக்கு வரிசை கண்ணிமைக்கும் நேரம் தள்ளித் திருப்பினால் கடல் அலை ஓடும், தானியக் கதிர் அசையும். இதுதான் கடினம். சைகை கிடைத்தபின் தன் முறை வரும்வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் வியர்த்து இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டால் நீல வானத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழும். உடனே சரியான பக்கத்தைத் தேடிப் பிடிக்காவிட்டால் அடுத்த படத்திலும் அந்தப் பொட்டு இருக்கும். எந்த இருக்கை என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பயம் தற்செயலாக வந்ததல்ல. ஒருவர் தவறினாலும் மொத்தமும் கெடும் என்பதால், பிள்ளைகள் தம் எண்ணத்தையும் செயலையும் கூட்டத்துக்குக் கீழ்ப்படுத்த முயல்வார்கள் என்று 1987-இல், பின்னாளில் நாட்டின் தலைவரான கிம் ஜொங் இல் வெளிப்படையாகவே பேசினார்.

தரையில் ஆடும் பிள்ளைகள் பந்து, வளையம், கயிறு என்று வயதுக்கேற்றதை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகுகிறார்கள். முதலில் பள்ளிக் குழுவாக, பிறகு பல பள்ளிகள் சேர்ந்து, கடைசியாக அரங்கில் இசையோடு. பல நாள் பயிற்சி வெறும் சிமெண்ட் தரையில்தான். மெத்தை இல்லாமல் கரணம் போட்டால் மணிக்கட்டும் முழங்காலும் என்ன பாடுபடும் என்பது உடற்பயிற்சி ஆசிரியர் எவருக்கும் தெரியும்.

வட கொரியாவின் மனித உரிமை நிலையை ஆராய்ந்த ஐ.நா. விசாரணைக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு சாட்சியம் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பையன் குடல்வால் அழற்சியின் வலியைப் பொறுத்துக்கொண்டே பயிற்சி செய்து இறந்துபோனான். பிறகு அவனை வீரன் என்று போற்றினார்களாம். எனக்கு அந்தப் போற்றுதல்தான் தாங்க முடியாததாக இருக்கிறது.

2013-க்குப் பிறகு நின்றிருந்த விழா 2018-இல் புதுப் பெயரோடு திரும்பியது. ட்ரோன்கள் பறந்தன, அட்டைச் சுவரின் மேலேயே ஒளிப்படங்களைப் பாய்ச்சினார்கள். அத்தனை கருவிகள் வந்தும் சுவர் என்னவோ பிள்ளைகளால் ஆனதுதான். குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை வட கொரியா 1990-லேயே ஏற்றுக்கொண்டது.