குழந்தை உடுப்புக்கு ஓர் ஆன்லைன் கடை: அளவில் தொடங்குங்கள்

(திரையில்: கைப்பேசியில் ஒரு கடையின் முகப்பு. துள்ளும் கரடி, வானவில் எழுத்து, மிதக்கும் பலூன்.)

குழந்தை உடுப்பு விற்கும் கடை என்றதும் பலர் முதலில் கேட்பது இப்படி ஒரு பக்கத்தைத்தான். கரடியும் பலூனும் குழந்தைக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கடைக்குள் வருவது யார்? மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கைப்பேசியைத் தள்ளும் அம்மா. பேத்தியின் பிறந்தநாளுக்கு வெளியூரிலிருந்து கவுன் அனுப்ப நினைக்கும் தாத்தா. இது பிள்ளைக்குச் சரியாக இருக்குமா என்பதுதான் இவர்களுடைய கேள்வி.

ஜவுளிக் கடையில் என்ன செய்கிறோம்? துணியைக் கசக்கிப் பார்க்கிறோம். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறோம். பிள்ளையின் முதுகில் வைத்து அளவு பார்க்கிறோம். திரையில் இந்த மூன்றுக்கும் வழியில்லை. அவற்றுக்கு ஈடாக எதைக் காட்டுவது என்று யோசிப்பதே வடிவமைப்பு. திருப்பூரில் பருத்தி உடுப்பு தைத்து, நேரடியாக விற்க நினைக்கும் ஒரு சிறு கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

(திரையில்: ‘2 வயது’ என்று மட்டும் அச்சிட்ட லேபிள்.)

இந்த லேபிளை நம்பி வாங்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளின்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 87 செ.மீ. ஆனால் 81 செ.மீ. உயரமும் இயல்புதான், 93 செ.மீ. உயரமும் இயல்புதான். ஐரோப்பாவில் குழந்தை உடுப்பின் அளவை உயரத்தை வைத்தே குறிக்கிறார்கள்: 86, 92, 98, 104 என்று 6 செ.மீ.க்கு ஓர் அளவு. அந்தக் கணக்கில், ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அளவு வித்தியாசம் வந்துவிடும். நம் ஊரில் 18, 20, 22 என்று எண் சொல்லிக் கேட்கிறோம். அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

ஆகவே அளவுப் பட்டியலில் உயரம் முதலில் வரட்டும். அடுத்து மார்புச் சுற்றளவு, உடுப்பின் நீளம். வயது கடைசியில் இருந்தால் போதும். செ.மீ., அங்குலம் இரண்டிலும் கொடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையை நிறுத்தி அளப்பது பெரும்பாடு என்பதால், இப்போது பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து அளக்கச் சொல்லுங்கள். எங்கிருந்து எங்கே அளப்பது என்று ஒரு படமும் போடுங்கள். என் கருத்தில், முகப்பில் பெரிய பேனர் வைப்பதைவிட இந்த ஒரு படத்துக்குச் செலவழிக்கும் நேரம் மேலானது.

கடைக்குள் வந்தவுடன் அளவைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அதன்பிறகு அந்த அளவில் இருப்பு உள்ளவை மட்டுமே கண்ணில் பட வேண்டும். ஆசைப்பட்டுத் தொட்ட கவுன் ‘இந்த அளவில் இல்லை’ என்று சொன்னால், அந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விடுவார். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்கவே வேண்டாம்.

(திரையில்: இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கான மஞ்சள் பருத்தி கவுன். கேமரா மெல்ல நெருங்குகிறது.)

இனிப் படங்கள். முன்பக்கம், பின்பக்கம் எல்லோரும் போடுகிறார்கள். நீங்கள் உள்பக்கத்தையும் காட்டுங்கள். தையல் ஓரத்தில் நூல் பிசிறு நிற்கிறதா, கழுத்து லேபிள் உறுத்துமா, இடுப்பு எலாஸ்டிக்கின் மேல் துணி மூடியிருக்கிறதா என்று தெரியட்டும். சிறு குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்து வழியாகச் சட்டை நுழையாவிட்டால் அழுகைதான். தோளில் பிரஸ் பட்டன் இருந்தால் அதைத் திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். பட்டுப் பாவாடையில் டக் பிடித்துத் தைத்திருந்தால், எத்தனை அங்குலம் பிரித்துவிடலாம் என்று எழுதுங்கள். வளரும் பிள்ளைக்கு வாங்குபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

குழந்தை அணிந்த படம் போட்டால், பெற்றோரின் சம்மதத்தோடு எடுங்கள். ‘உயரம் 90 செ.மீ., அணிந்திருப்பது 92 அளவு’ என்று கீழே குறிப்பிடுங்கள். ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சம் போதும். ஃபில்டர் போட்டு நிறத்தை மாற்றாதீர்கள். நிறத்துக்குப் பெயர் வைக்கும்போது மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு என்று நம் சேலைக் கடைகளில் புழங்கும் பெயர்களையே வையுங்கள். பின்னணி வெள்ளையாக இருக்கட்டும். உடுப்புகளிலேயே போதுமான வண்ணம் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கத் திணறும், சுருக்கி ஏற்றுங்கள்.

கசக்கிப் பார்க்க முடியாத துணிக்கு ஜி.எஸ்.எம். எண் உதவும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. 140 என்றால் மெல்லிய பனியன் துணி, 220 என்றால் கனத்தது. எண்ணோடு நிறுத்தாமல், ‘மே மாத வெயிலுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி சேர்த்தால் எவருக்கும் புரியும். தலை, கழுத்துப் பகுதியில் நாடா கிடையாது என்றால் அதையும் எழுதுங்கள். 7 வயதுக்கு உட்பட்டோர் உடுப்பில் அங்கே நாடா கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. ஏற்றுமதிக்குத் தைத்தவர்களுக்குப் பழகியதுதான்.

(திரையில்: பணம் கட்டும் பக்கம்.)

இங்கே நேர்மை தவிர வேறு அலங்காரம் தேவையில்லை. அனுப்பும் செலவைக் கடைசி நொடியில் கூட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவற்றை இந்தியாவில் 2023-இல் வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீபாவளி நேரத்தில், எந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் பண்டிகைக்கு முன் கையில் கிடைக்கும் என்பதை உடுப்பின் விலைக்கு அருகிலேயே போடுங்கள்.

அளவு மாற்றித் தருவதையும் அதே இடத்தில் சொல்லுங்கள். பேத்தியின் உயரம் தெரியாத தாத்தா அதைப் பார்த்துத்தான் துணிந்து வாங்குவார். திரும்பி வரும் ஒவ்வொரு உடுப்புக்கும் காரணம் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒரே கவுன் ‘சிறியது’ என்று திரும்பத் திரும்ப வந்தால், அதன் பக்கத்தில் அன்றைக்கே எழுதுங்கள்: ‘இது சற்றுச் சிறியதாக இருக்கும், ஓர் அளவு கூட்டி வாங்குங்கள்.’